மேஸ்திரியின் குரலில் ஒரு வில்லன்

ஆம்பூர் ரயிலடிக்குப் பக்கத்துக் காபி கிளப்பில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் போதும், பேச்சு சினிமாவில் போய்த்தான் நிற்கிறது. எந்த வில்லன் ஒசத்தி, எந்த நாவலைப் படமாக எடுத்துக் கெடுத்தார்கள், எதைக் கெடுக்காமல் எடுத்தார்கள் என்று வாய் ஓய்வதில்லை. போன வாரம் என்னையும் இழுத்து உட்கார வைத்து, "நீங்க அந்தக் காலத்து ஆளு, உங்களுக்குப் புடிச்ச வில்லன் யாருன்னு சொல்லுங்க" என்று கேட்டார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. "எவனையும் புடிக்காது, போய் வேலையப் பாருங்க" என்று எழுந்து வந்துவிட்டேன். பாவம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. பிடித்த வில்லன் ஒருத்தன் எனக்கு இருக்கத்தான் செய்தான். அவனுக்குக் குரல் கொடுத்தவனே நான்தான். அதை எப்படிக் காபி கிளப்பில் சொல்வது?

பேசும்படம் வருவதற்கு நாலைந்து வருஷம் முந்தி நடந்தது. அப்போது படங்களெல்லாம் ஊமை. திரையில் ஆட்கள் வாயை வாயை அசைப்பார்கள், நடுநடுவே எழுத்து வரும். எழுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் கூட்டத்தில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அதனால் திரைக்குப் பக்கத்தில் கையில் பிரம்போடு ஒருத்தன் நின்று கதையை உரக்கச் சொல்வான். ராஜாவும் அவன்தான், ராணியும் அவன்தான், குதிரை கனைப்பதும் அவன்தான். பாலாற்று மணலில் அடித்திருந்த டேராவில் அந்த ஆள் நான்.

அது சாயங்கால வேலை. பகலில் ஒரு தோல் ஷாப்பில் தோலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் பக்கத்தில் தோல் ஷாப்பு என்றுதான் சொல்வோம். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்திருந்தேன். அந்தப் படிப்பு எனக்கு எதற்குப் பயன்பட்டதோ இல்லையோ, நாவல் படிக்கப் பயன்பட்டது. மாதாமாதம் வந்த துப்பறியும் நாவல்களை இரவல் வாங்கி, அட்டை கிழியக் கிழியப் படித்தேன். எங்கள் மேஸ்திரி ஒருநாள் தோல் அடுக்குக்குள் நான் ஒளித்து வைத்திருந்த நாவலைப் பிடுங்கி, எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி, "தொரை படிக்கிறாரு, யாரும் பேசாதீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் காந்தல் எனக்குள் கொஞ்சம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அந்த நாவலைத்தான் மதராஸில் யாரோ படமாக எடுத்தார்கள். கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. ஒரு ஜமீனின் காரியஸ்தன், சொத்துக்கு ஆசைப்பட்டு ஜமீன்தாரின் தம்பியைக் கொன்றுவிட்டு, கடைசியில் தூக்குமேடை ஏறுவான். புத்தகத்தில் அவன் ஒரு கொலை செய்வதற்கு முன்னால் மூன்று பக்கம் வேதாந்தம் பேசுவான். படிக்கிற நமக்கே, அட, சீக்கிரம் கொன்று தொலையேன் என்று இருக்கும். படம் எடுத்தவன் புத்திசாலி. வேதாந்தத்தை எல்லாம் வெட்டிவிட்டு, நடிகனின் இரண்டு கண்ணை மட்டும் வைத்தான். அந்த ஆள் ஒன்றும் செய்யாமல் சும்மா பார்ப்பான், முன்வரிசைப் பிள்ளைகள் பின்னால் நகர்ந்துவிடும். புத்தகத்தைவிடப் படம் நன்றாக இருந்தது என்று என் வாழ்நாளில் நான் ஒப்புக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

ஆனால் கொலை நடக்கும் இடத்தில் படம் சொதப்பிவிட்டது. புத்தகத்தில் அது கோயில் குளம். படத்தில் கிணறாக மாற்றியிருந்தார்கள். அந்தக் கிணறும் வெயிலில் எடுத்ததாலோ என்னவோ, திரையில் வெள்ளையாக ஒரு பள்ளம் மட்டுமே தெரிந்தது. முதல் நாள் நான் "இதோ, பாழுங்கிணறு" என்று பிரம்பை நீட்டியதும் முன்வரிசையிலிருந்து ஒருவன், "கெணறு எங்கே இருக்குது? அது சுண்ணாம்புக் குழிப்பா!" என்றான். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று கத்தினார்கள். வேறு எந்த ஊரிலும் அதை அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் ஜனம் விடிந்தால் எழுந்து போய் நிற்பதே அந்த வெள்ளைக் குழியில்தான். தோலிலிருந்து மயிர் கழல, சுண்ணாம்புத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, இடுப்பில் துணியோடு இறங்கிப் புரட்டிவிடுவார்கள். கால் வெந்து தோல் உரியாதவன் அந்தக் கூட்டத்தில் கிடையாது.

சரி, சுண்ணாம்புக் குழியாகவே இருக்கட்டும் என்று விட்டேன். குழி வந்ததும் குழிக்கு மேலே நிற்கிறவனுக்கு ஒரு குரல் வேண்டியிருந்தது. யோசிக்கவே இல்லை. வாயைத் திறந்தேன், மேஸ்திரி வந்துவிட்டார்.

அவருக்குத் தொண்டை கரகரவென்று இருக்கும். வருஷக்கணக்காகச் சுண்ணாம்பு நெடியை இழுத்த தொண்டை. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் செருமுவார். குளிர்காலத்தில் குழியில் இறங்கத் தயங்குகிறவனைப் பார்த்து அவர் சொல்வது ஒரே சொல்தான். "எறங்கு." அதட்ட மாட்டார், கத்த மாட்டார். "இன்னா பார்க்கறே? எறங்கு." அவ்வளவுதான். அதையே காரியஸ்தனின் வாயில் வைத்து, ஜமீன்தாரின் தம்பியைக் குழியில் தள்ளினேன். டேரா கிடுகிடுத்துப் போயிற்று. சிரித்தார்கள், விசிலடித்தார்கள், திரும்பச் சொல் என்றார்கள். மறுநாள் மூன்று தோல் ஷாப்புகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு வாரம் ஓட வேண்டிய படத்தை டேரா முதலாளி நிறுத்தாமல் ஓட்டினார். வாணியம்பாடியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

மேஸ்திரி நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மேஸ்திரி மாதிரி இருந்தார். முதலாளிக்குப் பயந்தார், எங்களை விரட்டினார். அவருக்கு மனைவி இல்லை, ஒரே மகள் இருந்தாள்.

எங்கள் ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆனாலும் சுண்ணாம்பில் கிடக்கும் தோலை அன்றைக்கும் ஒரு தரம் புரட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும். அதற்கு ஒருத்தன் மட்டும் வருவான். அவன் குழிக்குள் இறங்கி ஏறுகிற வரைக்கும் மேஸ்திரி மேலே நிற்பார். அது அவர் வேலை. ஒரு வெள்ளிக்கிழமையும் அவர் தவறியதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் உள்ளே வந்து, பாயில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"ஒன்னத் திட்ட வரலே தம்பி. நானே ஒரு நாளு தலையில துணியப் போட்டுக்கினு வந்து கேட்டேன். அப்டியே நான்தான். எனக்கே சிரிப்பு வந்துச்சு."

"சும்மா தமாஷுக்குத்தான், மேஸ்திரி" என்றேன்.

"தமாஷுதான். ஆனா அவன் கொலகாரன், தம்பி. நான் இன்னா கொலையா பண்ணேன்?" செருமிக்கொண்டார். "ஞாயித்துக்கெழம கலவை ஊர்லேர்ந்து பொண்ணு பார்க்க வர்றாங்க. நல்ல எடம். தெருவுல நண்டுசிண்டெல்லாம் என்னப் பார்த்தா 'எறங்கு, எறங்கு'ன்னு கத்துதுங்க. வர்றவங்க காதுல வுழுந்தா பொண்ணப் பத்தி இன்னா நெனப்பாங்க? வேற எவன் கொரல்லயாவது பேசேன். தாயில்லாப் பொண்ணுப்பா."

நாவலைப் பிடுங்கிய கையா இப்படி மடங்கி உட்கார்ந்திருக்கிறது என்று இருந்தது. இனிமேல் அந்தக் குரல் வராது, சத்தியம் என்றேன். அவர் உடனே போகவில்லை. மகளைப் பற்றிப் பேசினார், மாப்பிள்ளை வீட்டைப் பற்றிப் பேசினார். "ஷாப்புல ஆளு இல்லியா?" என்று நான்தான் கேட்டேன். "ஒரு நாளு அவனே பார்த்துக்குவான், பழகினவன்தான்" என்றார். வெயில் தாழ்ந்த பிறகுதான் எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் காரியஸ்தனை வேறு குரலில் பேச வைத்தேன். மூக்கால் பேசுகிற ஒரு குரல். ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. "யோவ், இன்னாய்யா ஆச்சு ஒனக்கு? மேஸ்திரி கொரலு போடு!" என்று கூச்சல். டேரா முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்து என்னை முறைத்தார். நான் தாக்குப்பிடித்திருக்கலாம். கால்மணி நேரம் கத்திவிட்டு ஓய்ந்திருப்பார்கள். ஆனால் அந்தக் குரலுக்குக் கிடைத்த கைதட்டலை நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். சத்தியம் செய்து அரை நாள்கூட ஆகவில்லை. குழிக் காட்சி வந்தபோது தொண்டையைச் செருமினேன். "இன்னா பார்க்கறே? எறங்கு."

கைதட்டல் அடங்குவதற்குள் வாசலில் ஒருவன் ஓடி வந்து கத்தினான். எங்கள் ஷாப்புச் சுண்ணாம்புக் குழியில் ஒரு ஆள் செத்துக் கிடக்கிறான்.

மொத்தக் கூட்டமும் எழுந்து ஓடியது. நானும் பிரம்போடு ஓடினேன். அன்றைக்குத் தோல் புரட்டப் போனவன்தான். குழியின் விளிம்பில் மயிரும் சுண்ணாம்பும் சேர்ந்து எண்ணெய் விட்டது மாதிரி வழுக்கும். பின்மண்டை கல்லில் அடிபட்டு, மயங்கி உள்ளே விழுந்திருக்கிறான். மார்பளவுக்குமேல் ஆழம் இல்லை. மேலே ஒருத்தர் நின்றிருந்தால் கையைப் பிடித்து இழுத்துப் போட்டிருப்பார். வெளியே எடுத்துப் போட்டபோது அவன் முகத்தை அவன் மனைவிக்குக் காட்ட வேண்டாம் என்று ஒரு தோலைப் போட்டு மூடினார்கள்.

போலீஸ் வந்து பார்த்து, தவறி விழுந்தான் என்று எழுதிக்கொண்டு போய்விட்டது. ஊர் எழுதிக்கொண்டது வேறு. செத்தவனுக்கும் மேஸ்திரிக்கும் இரண்டு நாள் முன்னால் வாய்த்தகராறு நடந்திருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் குழிக்கு மேலே நிற்கிற ஆள் அவர். அப்புறம் இன்னும் என்ன வேண்டும்? "நாங்கதான் கண்ணால பார்த்தோமே" என்று என்னிடமே ஒருவன் சொன்னான். எங்கே பார்த்தாய் என்றேன். "டேராவுலதான். நீ சொல்லிக்கினே இருக்கசொல்ல நடந்துச்சுப்பா. ஒனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது" என்று குரலைத் தாழ்த்தினான். அவன் முட்டாள் இல்லை. என்னைவிட நன்றாகத் தோல் பார்க்கத் தெரிந்தவன்.

அன்று எங்கே இருந்தாய் என்று கேட்டவர்களிடம் மேஸ்திரி, "ஒரு வேலையா போயிருந்தேன்" என்று மட்டும் சொன்னார். போயும் போயும் ஒரு டேராக்காரனிடம் போய்க் கெஞ்சினேன் என்று எந்த வாயால் சொல்வார்? சொல்ல வேண்டியவன் நான். நான் சொல்லவில்லை. ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொன்னால், ஏன் வந்தார் என்று கேட்பார்கள். அப்புறம், உன்னால்தானே அவர் குழிக்குப் போகவில்லை என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். இன்றைக்கும் பயம்தான். அந்த ஐந்து நாளும் சாயங்காலம் போய்ப் படம் சொன்னேன். வெட்கம் கெட்டவன்.

ஞாயிற்றுக்கிழமை கலவையிலிருந்து யாரும் வரவில்லை. ஆள் மட்டும் வந்து, ஜாதகம் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். மேலே மேஸ்திரி நின்றால் நாங்கள் குழியில் இறங்க மாட்டோம் என்று ஆட்கள் சொன்னதால், ஷாப்பு முதலாளி அவரைக் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொன்னார். அவருடைய மகள் கிணற்றடிக்குப் போனால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்களாம். ஆறாம் நாள் அவர் மறுபடியும் என் வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"நீ சொன்னா கேப்பாங்க தம்பி. ஒன் வாயிலேர்ந்துதான வந்துச்சு எல்லாம். ஒரே ஒரு வார்த்த சொல்லு. எனக்காவ வேணாம், அந்தப் பொண்ணு சாப்பிட மாட்டேங்குது."

முதலில் ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்தேன். "இன்னா, ஒனக்கு எவ்ளோ குடுத்தான்?" என்றார்கள். சரி, எல்லாருக்கும் முன்னால் டேராவிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்களும் வந்து உட்காருங்கள் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். படம் தொடங்குவதற்கு முன் சொல்லலாம் என்றால் டேரா முதலாளி விடவில்லை. "உன் ஊர்ப் பஞ்சாயத்து என் டேராவுல வேணாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். படம் ஓடும்போது பிரம்பு என் கையில், வாய் என்னுடையது. யார் தடுக்க முடியும்? கொலைக்கு அடுத்து ஒரு கோர்ட்டுக் காட்சி வரும். அங்கே கொஞ்ச நேரம் ஆட்கள் சும்மா நிற்பார்கள், எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அந்த இடத்தில் சொல்வது என்று முடிவு செய்தேன்.

கூட்டம் நெரிந்தது. மேஸ்திரி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கத்துத் தடுப்புக்குப் பின்னால் அவர் மகளும் வந்திருப்பதாகச் சொன்னார். கோர்ட்டு வந்தது. பிரம்பைக் கீழே போட்டேன். என் சொந்தக் குரலில், ஒரு வேஷமும் இல்லாமல் சொன்னேன்.

"கேளுங்க. இவரு கொல பண்ணல. அன்னைக்கி மத்தியானம் இவரு என் வீட்ல இருந்தாரு. வெயில் தாழற வரைக்கும் என்கூடத்தான் பேசிக்கினு இருந்தாரு. கர்த்தர்மேல ஆணையா சொல்றேன்."

டேரா அமைதியானது. கேட்டுவிட்டார்கள், நம்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அப்புறம் ஒருவன் சிரித்தான். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். என்ன சிரிப்பு என்று திரும்பித் திரையைப் பார்த்தேன். அங்கே காரியஸ்தனின் கையாள் கூண்டில் ஏறிக் கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தான். கொலை நடந்த நேரத்தில் எஜமான் என்னோடு இருந்தார் என்று பொய்ச்சாட்சி சொல்கிற காட்சி அது. மூன்று வாரமாக அதை நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சின்ன வேஷம்தானே என்று அவனுக்குத் தனிக் குரல்கூட வைக்காமல், என் சொந்தக் குரலிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். பதற்றத்தில் அந்தக் கழுதை எனக்கு நினைவுக்கு வரவே இல்லை.

"இல்லே! நெஜமாத்தான் சொல்றேன்! இது கத இல்லே!" என்று கத்தினேன். கத்தக் கத்த இன்னும் சிரித்தார்கள். புது வசனம் பிரமாதம் என்று விசில். ஒருவன் காலணாவை என்மேல் விட்டெறிந்தான். மேஸ்திரி எழுந்து நின்று, தலைத்துண்டை எடுத்துவிட்டு, "அவன் சொல்றது நெஜம்" என்றார். அந்தக் கரகரத்த குரலைக் கேட்டதும் டேரா ஒரு விநாடி திகைத்தது. அப்புறம் எழுந்த கைதட்டலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. நிஜ மேஸ்திரியையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டே வெளியே ஓடுவது தெரிந்தது. மேஸ்திரி என்னைப் பார்த்து, "போதும், வுடு தம்பி" என்று சொல்லிவிட்டு, ஆட்களை ஒதுக்கிக்கொண்டு மகள் பின்னால் போனார். அவருக்கு வழிவிட்டுக்கொண்டே தட்டினார்கள்.

மறுநாள் காலை அவர்கள் வீடு பூட்டிக் கிடந்தது. ஜோலார்ப்பேட்டைப் பக்கம் போகிற ரயிலில் அப்பனும் மகளும் ஒரு பெட்டியோடு ஏறியதைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். ஓடினான் பார், குற்றமுள்ள நெஞ்சு, என்றார்கள். எங்கே போனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

படத்தின் கடைசி நாள் வந்தது. அன்று சாயங்காலம் ஜனம் வருவதற்கு முன்னால், செத்துப் போனவனின் மனைவி டேராவுக்கு வந்தாள். கைப்பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். அதுவரை அவள் ஒரு படமும் பார்த்ததில்லை. சடாரென்று குனிந்து என் காலைத் தொட்டாள்.

"நீ ஒருத்தன்தாண்ணா, என் புருசனுக்காவ நாலு பேரு கேக்கற மாதிரி வாயத் தொறந்தே. போலீசு சொல்லல, மொதலாளி சொல்லல. நீ சொன்னே. அவன் கடைசியில தூக்குல தொங்குறானாமே, மெய்யா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அம்மா, அவர் இல்லை, உன் புருஷன் தனியாக இறங்கியதற்குக் காரணம் நான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்ததே அந்த ஒன்றுதான், அதையும் நான் பிடுங்குவதா என்று ஒரு சாக்குக் கிடைத்தது. சாக்கு என்று அப்போதே எனக்குத் தெரியும்.

"மெய்தாம்மா" என்றேன்.

அவளை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தூக்குமேடை வந்ததும் அவள் பிள்ளையை மடியில் கிடத்திவிட்டு, என் பக்கம் திரும்பினாள். "அவன் கொரல்லயே சொல்லுண்ணா. அவன் கெஞ்சறத நான் கேக்கணும்."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கெஞ்சினேன்.